மான்டரே பே அக்வேரியம்: சொல்லித் தருகிறவர்களுக்காகவே போகலாம்

கலிஃபோர்னியாவில் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிற அப்பா அம்மாக்களை எப்படியும் ஒரு தடவை மான்டரேக்குக் கூட்டிப்போவார்கள். கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று, கேனரி ரோ தெருவில் ஒரு நடை, அக்வேரியத்தில் ஜெல்லிமீன் முன்னால் நின்று ஒரு போட்டோ, இருட்டுவதற்குள் வீடு. அப்படிப் போய்வந்தவர்களைக் கேட்டால், "நல்லாத்தான் இருந்தது, டிக்கெட்தான் ரொம்ப ஜாஸ்தி" என்பார்கள். ஜாஸ்திதான், பெரியவர்களுக்கு 60 டாலரைத் தாண்டுகிறது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மீனுக்கு மட்டும் அந்தக் காசு என்று நினைத்தால், பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள்தான் மீதிப் பாதி.

நான் தூத்துக்குடியில் முப்பது வருஷத்துக்கு மேல் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். அதனால் இதை மீன்களைப் பற்றிய விமர்சனமாக எழுத எனக்கு வரவில்லை. பாடம் நடத்துகிறவர்களை இன்னொரு வாத்தியார் பார்த்து எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தொட்டுப் பார்க்கும் குளம். இடுப்பு உயரத்தில் பாறைகள் வைத்து அமைத்த குளிர்ந்த உப்புத்தண்ணீர்த் தொட்டி. உள்ளே நட்சத்திர மீன்கள், கடல் அட்டைகள், முதுகில் பாசியை ஒட்டவைத்துக்கொண்டு ஒளியும் நண்டுகள். நாங்கள் போனபோது அங்கே நின்றவர் என் வயதுப் பெண்மணி, தன்னார்வ வழிகாட்டி. எட்டு வயதுப் பேரன் கையை உள்ளே விடப் போனான். "இரண்டு விரலால் மட்டும், மெதுவாக" என்றார். அவ்வளவுதான் சட்டம். பெயர் சொல்லவில்லை, விளக்கம் சொல்லவில்லை. அவன் தடவி முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம், "எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"சொரசொரன்னு இருக்கு. ஆனா நடுவுல மெத்துமெத்துன்னு."

"சரி, இதற்கு வாய் எங்கே இருக்கும் என்று நினைக்கிறாய்?"

அவன் யோசித்தான். அவர் அவசரப்படவில்லை. அந்த மௌனத்தை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டு நிற்பது வாத்தியார் வேலையிலேயே கடினமான பகுதி. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், பாதிப்பேர் யோசித்து முடிப்பதற்குள் நாமே பதிலைச் சொல்லிவிடுவோம். இவர் சொல்லவில்லை. பையன் ஒரு கையின் நுனியைக் காட்டினான். "நல்ல இடம்தான் காட்டினாய். அங்கே வெளிச்சத்தை உணரும் புள்ளி ஒன்று இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, தண்ணீருக்குள்ளேயே அந்த உயிரை மெதுவாகத் திருப்பிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் குழாய்க் கால்கள் ஒவ்வொன்றாக அசைய ஆரம்பித்தன. நடுவில் வாய். இந்த வகை நட்சத்திர மீன் இரைப்பையை அந்த வாய் வழியாக வெளியே தள்ளி, இரைமேல் போர்த்தி, வெளியிலேயே செரித்துவிடும் என்று அப்போதுதான் சொன்னார். பையன் வாயைப் பிளந்தான்.

நட்சத்திர மீன் போன்ற முட்தோலிகளை நான் ஃபார்மலின் ஜாடியிலும் கரும்பலகைப் படத்திலும் நடத்தியவள். குழாய்க் கால்களுக்குப் பாகம் குறித்துப் பத்து மதிப்பெண் வாங்கிய என் மாணவிகளில் எத்தனை பேர் அது நகர்ந்து பார்த்திருப்பார்கள்? இத்தனைக்கும் எங்கள் பள்ளியிலிருந்து கடல் நடந்து போகிற தூரம்.

எங்களோடு என் மதினியும் வந்திருந்தார். ஆங்கிலம் தெரியாது. வழிகாட்டி அதைப் புரிந்துகொண்டு, பேச்சை விட்டுவிட்டு, அவர் விரலைப் பக்கத்திலிருந்த செங்கல் நிற உருண்டை ஒன்றின்மேல் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். கம்பூட் கைட்டான், பாறையில் ஒட்டி வாழும் மெல்லுடலி, கைட்டான் வகைகளில் உலகிலேயே பெரியது. ஒரு அடி நீளம்வரை வளரும். மதினி தொட்டுப் பார்த்துவிட்டு, "ஊறவச்ச தோல் மாதிரில்ல இருக்கு" என்றார். பாறையில் பாசியைச் சுரண்டித் தின்பதற்காக அதன் பற்களில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது இருக்கிறது என்று வழிகாட்டி சொன்னதை நான் தமிழில் சொன்னேன். உயிருள்ள ஒன்றின் வாய்க்குள் இரும்பா என்று மதினிக்கு ஆச்சரியம். ஊருக்குப் போனபிறகும் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

இந்த வழிகாட்டிகளில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்தில் ஒரு நாள் வந்து நிற்பவர்கள். பயிற்சி முடித்தபிறகுதான் குளத்தருகே விடுகிறார்கள். அந்தப் பயிற்சியில் உயிரியலோடு எப்படிக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்பதும் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெவ்வேறு ஆட்களிடம் ஒரே நல்ல பழக்கம் வராது.

அந்த இடத்துக்கே அப்படி ஒரு பரம்பரை. 1984 அக்டோபரில் திறந்த இந்த அக்வேரியத்துக்கான யோசனையைச் சொன்ன நால்வரும் கடல் உயிரியல் படித்தவர்கள். பக்கத்திலேயே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஹாப்கின்ஸ் கடல் நிலையம் இருக்கிறது, 1892-ல் தொடங்கியது. நால்வரில் ஒருவரான நான்சி பர்னெட், ஹெச்பி நிறுவனத்தின் டேவிட் பேக்கர்டுக்கு மகள். அப்பாவும் அம்மாவும் 5.5 கோடி டாலர் கொடுத்தார்கள். இன்னொரு மகள் ஜூலி பேக்கர்ட் திறந்த நாளிலிருந்து நாற்பது ஆண்டுகள் அதை நடத்தினார். கட்டடம் நிற்பது ஹோவ்டென் என்ற பழைய சாளை மீன் டின் ஆலை இருந்த இடத்தில். சாளை வற்றிப்போய்த் தெருவே அடங்கின பிறகு வந்த அக்வேரியம் இது. ஆலையின் கொதிகலன்களை இன்னும் நுழைவாயில் பக்கம் பார்க்கலாம்.

சில கட்டடம் தள்ளி, கடல் உயிர்களை ஆராய்ந்த எட் ரிக்கெட்ஸின் மரவீட்டு ஆய்வுக்கூடம் இருக்கிறது. கல்லூரிப் பட்டம் முடிக்காத மனிதர். பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கடல் உயிர் மாதிரிகள் பிடித்து அனுப்பிப் பிழைத்தார். கரையோர உயிர்களை வகைப்பாட்டு வரிசையில் பார்க்காமல், எது எங்கே வாழ்கிறது, யாரோடு வாழ்கிறது என்று பார்க்கச் சொன்னவர். 1948-ல் ரயில் மோதி இறந்துபோனார். அக்வேரியத்துக்குள் பாறைக்கரை, மணற்கரை, கெல்ப் என்ற பெரிய கடற்பாசிக் காடு, திறந்த கடல் என்று வாழிடப்படி நடந்து போகும்போது, அவர் சொன்ன வழியில்தான் நடக்கிறோம் என்று எனக்குப் பட்டது. தொகுதி, வகுப்பு, வரிசை என்று மனப்பாடம் செய்யவைத்த எங்கள் பாடத்திட்டத்தை நினைத்து அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து கெல்ப் காடு. மூன்று மாடி உயரத்துக்கு, 28 அடி, நிமிர்ந்து பார்க்க வேண்டிய தொட்டி. மேல்பக்கம் திறந்திருக்கும், வெயில் நேராக உள்ளே விழும். ராட்சதக் கெல்ப் என்ற பழுப்புப் பாசி நல்ல சூழலில் கடலில் ஒரு நாளைக்கு அரை மீட்டர்கூட வளரும். தண்ணீர் அசைந்துகொண்டே இருந்தால்தான் அது பிழைக்கும் என்பதால் அலை உண்டாக்கும் பொறி ஒன்று ஓடுகிறது. அதை டேவிட் பேக்கர்டே வடிவமைத்தார். பகலில் வளைகுடாத் தண்ணீரை வடிகட்டி விடுகிறார்கள், மீன் தெளிவாகத் தெரிய வேண்டுமே. ராத்திரி வடிகட்டாமல் அப்படியே விடுகிறார்கள். அதோடு வருகிற லார்வாக்கள், அதாவது குஞ்சுப் பருவ உயிர்கள், பாறையில் ஒட்டித் தானாகவே வளர்கின்றன.

இந்தத் தொட்டிக்கு உணவு கொடுக்கும் நேரத்தைத் தவறவே விடாதீர்கள். உள்ளே நுழைந்ததும் அன்றைய நேரங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முக்குளிப்பவர் ஒருவர் முகமூடிக்குள் மைக் வைத்துக்கொண்டு உள்ளே இறங்குவார், வெளியே ஒருவர் கூட்டத்தோடு நிற்பார், இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். நம்மையும் கேட்கச் சொல்வார்கள். ஒரு சின்னப் பெண் எழுந்து, "அந்தக் கறுப்புத் தலை மீன் யார்?" என்றாள். ஷீப்ஹெட். முக்குளிப்பவர் கையிலிருந்த இரையைக் காட்டி அதைக் கண்ணாடிப் பக்கம் கூட்டிவந்தார். அந்த மீன்கள் எல்லாமே பெண்ணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும், சில வளர்ந்தபின் ஆணாக மாறும் என்று அவர் சொல்ல, கூட்டத்தில் சலசலப்பு. வெளியே நின்றவர் அதைச் சிரித்துக் கடத்திவிடவில்லை. "மாறினால் அந்த மீனுக்கு என்ன லாபம்?" என்று பிள்ளைகளிடமே திருப்பிக் கேட்டார். பெரிய ஆண்தான் இடத்தைக் காப்பாற்றும் என்ற பதிலுக்குக் கடைசியில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். நம் கடலின் கலவா மீனும் இப்படித்தான். எங்கள் ஊர்ச் சந்தையில் தினமும் பார்க்கிற மீன். அதை வைத்து ஒரு வகுப்பு எடுத்திருக்கலாம்.

காட்சி முடிந்து கூட்டம் கலைந்தபின் ஒரு வழிகாட்டி கெல்ப் துண்டைக் கையில் கொடுத்தார். அடியில் இருப்பது வேர் இல்லை, பாறையைப் பிடிக்கும் பிடி மட்டும்தான், உணவை இலைப் பகுதி முழுவதும் நேராகத் தண்ணீரிலிருந்து எடுக்கிறது என்று காட்டினார். நான் ராமநாதபுரம் கரையில் பெண்கள் மூழ்கி மரிக்கொழுந்து பாசி எடுப்பதையும், அதிலிருந்து அகர் என்ற ஜெல்லிப் பொருள் தயாரிப்பதையும் சொன்னேன். அந்த இளைஞர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். எவ்வளவு ஆழம், மூச்சுக்கருவி உண்டா, பாசியைப் பிடியோடு பிடுங்குவார்களா, நறுக்குவார்களா என்று அடுத்தடுத்துக் கேள்வி. சில வகுப்புகளில் ஒரு மீனவப் பையன் எழுந்து கடலைப் பற்றிப் பேசும்போது பாடம் அவனிடமிருந்து நமக்கு வரும். அந்த மாதிரி நேரத்தில் காதுகொடுக்கத் தெரிந்தவர்தான் வாத்தியார். அந்த இளைஞருக்குத் தெரிந்திருந்தது.

கெட்ட செய்தியையும் இவர்கள் மறைப்பதில்லை. 2013-லிருந்து அமெரிக்க மேற்குக் கரையில் நட்சத்திர மீன்கள் ஒரு நோயால் கரைந்து சாகின்றன. இருபதுக்கும் மேல் கைகளுள்ள சூரியகாந்தி நட்சத்திர மீன் பெரும்பாலும் அழிந்தேவிட்டது. அது தின்று கட்டுப்படுத்திய கடல் முள்ளெலிகள் பெருகிக் கெல்பைத் தின்றதும், கடல் சூடானதும் சேர்ந்து, வட கலிஃபோர்னியாவின் கெல்ப் காடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. விப்ரியோ வகை பாக்டீரியா ஒன்றுதான் நோய்க்குக் காரணம் என்று 2025-ல்தான் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். இதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பயமுறுத்தாமல், இனிப்புத் தடவாமல் சொல்ல வேண்டும். "யாருக்கும் இன்னும் தெரியாதது எது?" என்று பேரன் கேட்டதற்கு வழிகாட்டி உற்சாகமாகி ஒரு பட்டியலே சொன்னார்.

கடல் நீர்நாய்ப் பக்கத்திலும் அதே நேர்மை. காட்சியில் இருப்பவை கடலில் திரும்ப விட முடியாதவை. அவற்றில் பெண் நீர்நாய்களிடம் தாயில்லாத குட்டிகளை வளர்க்க விடுகிறார்கள், வளர்ந்ததும் கடலில் விடுகிறார்கள். 2001-லிருந்து நடக்கிறது. எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற கழிமுகத்தில் நீர்நாய்கள் பெருகியதில் பாதிக்கு மேல் இப்படி வளர்ந்தவையும் அவற்றின் வாரிசுகளும்தான். குட்டிகள் மனிதரோடு பழகிவிடக் கூடாது என்று பராமரிப்பவர்கள் கறுப்பு அங்கியும் வெல்டிங் முகமூடியும் போட்டுக்கொள்கிறார்கள் என்று கேட்டபோது, கொஞ்ச நேரம் பேச முடியவில்லை எனக்கு. தூக்கிக் கொஞ்சத் தோன்றும் குட்டி அது. அதன் நலனுக்காக முகத்தையே மறைத்துக்கொள்கிறார்கள்.

வார நாளில் போனால் பள்ளிப் பேருந்துகள் நிற்பதைப் பார்க்கலாம். கலிஃபோர்னியாப் பள்ளிக் குழுக்களுக்குக் கட்டணம் கிடையாது. இதுவரை 20 லட்சத்துக்கு மேல் மாணவர்கள் அப்படி வந்திருக்கிறார்கள். ஸ்ட்ராபெரி வயல் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த வாட்சன்வில் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்று தனித் திட்டமே வைத்திருக்கிறார்கள். ஸ்பானிஷில் கேட்ட குழந்தைக்கு ஸ்பானிஷிலேயே பதில் சொன்ன ஒருவரைப் பார்த்தேன். தன் வீட்டுமொழியில் கேள்வி கேட்ட பிள்ளையின் குரலே வேறாக இருந்தது.

குறை என்றால் கூட்டம்தான். விடுமுறை நாள்களிலும் சனி ஞாயிறும் தொட்டுப் பார்க்கும் குளத்தருகே யாரிடமும் நின்று பேச முடியாது. வழிகாட்டிகளின் பொறுமை அப்படியே இருந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைக்கிற நேரம் குறைந்துவிடும். முடிந்தால் வார நாளில் மதியத்துக்கு மேல், பள்ளிக் குழுக்கள் கிளம்பியபின் போங்கள். அப்போது ஒருவரே உங்களோடு கால்மணி நேரம் நிற்பார். வருஷத்தில் இரண்டு தடவைக்கு மேல் போவீர்களானால் உறுப்பினர் அட்டை எடுப்பது லாபம். சான் ஹோசேயிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம், வண்டி நிறுத்தத் தனிக் காசு. சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நாங்கள் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனோம்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வழிகாட்டி கேள்வி கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள், "சொல்லு கண்ணா, உனக்குத் தெரியுமே" என்று முதுகில் தட்டாதீர்கள். சும்மா நில்லுங்கள். பின்பக்கம் கடலைப் பார்த்த தளத்துக்கும் போங்கள். அங்கே தொலைநோக்கியோடு ஒரு வழிகாட்டி பெரும்பாலும் இருப்பார். வளைகுடாவில் மல்லாந்து மிதக்கும் காட்டு நீர்நாயைக் கண்டுபிடித்துக் காட்டச் சொல்லுங்கள், தேடி எடுத்துக் காட்டுவார்.