28 மி.மீ. மாசிடோனியக் குதிரைப்படைப் பெட்டி: குதிரைகள் அருமை, பெயர் அட்டையை நம்பாதீர்கள்

ஏறத்தாழ 28 மி.மீ. உயரப் பொம்மை வீரர்களை ஒட்டி வண்ணம் தீட்டும் பெட்டி இது. உள்ளே 12 குதிரைகள், 12 பண்டைய மாசிடோனிய வீரர்கள், ஒரு பெயர் அட்டை. தாராளமாக வாங்கலாம். ஆனால் அட்டையைப் பார்த்து ஒட்டினால் பாதிப் படை தவறாகிவிடும்.

அட்டையில் எல்லாருமே ‘ஹெத்தைரோய்’. அது மாசிடோனிய அரசரின் தோழர் படைக்குரிய பெயர். குதிரைவீரர்களுக்குப் பொதுப்பெயர் ‘ஹிப்பெய்ஸ்’. ஏதென்ஸில் 1,000 ஹிப்பெய்ஸுக்கு ‘ஹிப்பார்க்’ எனும் தளபதிகள் இருவரும், அவர்களின் கீழ் குலத்துக்கு ஒருவராக ‘ஃபைலார்க்’ எனும் தலைவர்கள் பத்துப் பேரும் இருந்தார்கள். குதிரை வில்லாளிகளான ‘ஹிப்போடொக்ஸோட்டாய்’ தனிப் பிரிவு. மாசிடோனியாவில் ‘இலே’ என்ற அணிக்கு ஏறத்தாழ 200 பேர். வேவு பார்க்க முன்னே போகிறவர்கள் ‘ப்ரோத்ரோமோய்’.

பெயர் மாறினால் ஆயுதமும் மாறும், சிக்கலே அங்குதான். ஈட்டி, எறிவேல், வளைவாள், வட்டக் கேடயம் எல்லாம் உறுப்புகள் இணைந்து வரும் ஒரே வார்ப்புச் சட்டத்தில் கலந்து கிடக்கின்றன. அலெக்சாந்தர் காலத்து ஹெத்தைரோய்க்குக் கேடயம் கிடையாது, எடுத்து வைத்துவிடுங்கள். எறிவேல் இரண்டும் ‘கோப்பிஸ்’ என்ற வளைவாளும் ஏதென்ஸ் வீரனுக்குப் பொருந்தும். குதிரைமேலிருந்து வெட்ட நேர்வாளைவிட வளைவாளே நல்லது என்றுதான் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய பண்டைக் கிரேக்கர் செனஃபோனும் எழுதினார்.

ஹெத்தைரோய்க்கு வேண்டியது ‘க்ஸிஸ்டோன்’ என்ற நீள ஈட்டி. பெட்டியில் உள்ளது குட்டை, விரைவில் வளைந்தும்விடும். 28 மி.மீ. பொம்மைகளுக்குரிய 1:56 அளவில் 3.5 மீட்டர் ஈட்டிக்கு 62 மி.மீ. வேண்டும். 1 மி.மீ. பித்தளைக் கம்பியை அந்த நீளத்துக்கு வெட்டி, இரு முனையையும் தட்டி, அரத்தால் கூராக்குங்கள். ஈட்டி முறிந்தால் மிச்சத்தைத் திருப்பிப் பிடித்துக் குத்துவார்கள் என்பதால் பின்முனையிலும் கூர் அவசியம். ஈட்டியைச் செருக வீரனின் கையில் போடும் துளை 1 மி.மீ.யைத் தாண்டினால் ஈட்டி தொங்கிப்போகும்.

குதிரைகளைச் செதுக்கியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அங்கவடி இல்லை, மரச்சேணம் இல்லை, முதுகில் துணி மட்டும். வீரனின் கால் தளர்ந்து தொங்குவதும் சரி. இவ்வளவு கவனித்தவர்கள், முன்காலைத் தூக்கி நிற்கும் இரண்டு குதிரைகளுக்கு மட்டும் ஏன் லாடம் வைத்தார்களோ! அன்றைய கிரேக்கக் குதிரைகளுக்கு ஆணியடித்த லாடம் இல்லை. குளம்பு இறுகுவதற்காக, கைக்கு அடங்கும் உருண்டைக் கற்களைப் பரப்பி அதன்மேல் குதிரையை நிறுத்தச் சொல்கிறார் செனஃபோன். 400 எண் உப்புத்தாளால் லாடத்தைத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

ஹெத்தைரோயை ஆப்பு வடிவில் நிறுத்துவதானால் 1, 2, 3, 4 என்று பத்துப் பேர், தலைவன் முனையில். மீதி இருவரை ப்ரோத்ரோமோய் ஆக்கலாம். வட கிரேக்கத்துத் தெசாலி வீரர்களுக்குச் சாய்சதுரம்: 1, 2, 3, 2, 1.

மழை நாளில் ஸ்ப்ரே வேண்டாம். நம் சிங்கப்பூரின் ஈரக்காற்றில் மேட் வார்னிஷ் வெண்படலமாகப் பூத்து, தீட்டியதெல்லாம் வீணாகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் அடித்தால் அண்டைவீட்டாருக்கும் தொல்லை. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் ஓவியக் கடைகளில் அக்ரிலிக் வார்னிஷ் வாங்கி, தூரிகையால் இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது.