வேகன் ஆருக்குக் கைக் கண்ட்ரோல்: கோவையில் மாட்டிய அனுபவம்

போலியோவால் எனக்கு இரண்டு கால்களிலும் வலு கிடையாது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டியில் மழையில் நனைந்து அலுத்துப்போய், கிளட்ச் பெடல் இல்லாத, கியர் தானாக மாறும் பழைய ஏஎம்டி வேகன் ஆர் வாங்கினேன். கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் கைக் கண்ட்ரோல் மாட்டினார்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஒரே லிவர். முன்னால் தள்ளினால் பிரேக், நம் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலரேட்டர். பெடல்களை எடுக்கவில்லை, அதனால் மனைவியும் இதே வண்டியை ஓட்டுகிறாள். மிஸ்திரி என்னை சீட்டில் உட்கார வைத்து, கைக்கு எட்டுகிறதா, முழங்காலில் இடிக்கிறதா என்று பார்த்துத்தான் கம்பியை வெட்டினார். அந்தப் பொறுமைக்கே காசு கொடுக்கலாம்.

தொல்லை மேட்டில்தான். ஹேண்ட்பிரேக்கும் இடக்கை, லிவரும் இடக்கை. விடுவித்துவிட்டு லிவருக்குக் கை போவதற்குள் வண்டி பின்னால் நழுவுகிறது. மேட்டில் நழுவாமல் சில நொடி பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்டு உள்ள வண்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஸ்டியரிங் குமிழைத் தனியாகக் கேட்டு வாங்கினேன். வலக்கை ஒன்றாலேயே வளைக்க வேண்டும், அது இல்லாமல் யூ டர்ன் ஆகாது. கிளாம்ப் போல்ட் ஒன்று லூசாகிக் கடகடத்தது, போனதும் முடுக்கிக் கொடுத்தார்கள்.

ஆர்சி விஷயத்தில் மட்டும் 'நீங்களே பார்த்துக்கோங்க சார்' என்று கைகழுவிவிட்டார்கள். மாற்றத்தை ஆர்டிஓவில் பதிந்தே ஆகவேண்டும். அப்புறம் இன்சூரன்ஸில் சலுகை உண்டு, ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார், கேளுங்கள்.