மருத்துவர் இடத்தில் செவிலியர்: இங்கிலாந்து குடும்ப மருத்துவகச் சேவை பற்றி

இங்கிலாந்தில் நாங்கள் பதிவு செய்துள்ள ஜிபி (குடும்ப மருத்துவர்) மருத்துவகத்தில், அன்றன்றைக்கு வரும் நோயாளிகளில் பலரை இப்போது 'அட்வான்ஸ்டு நர்ஸ் பிராக்டிஷனர்' எனப்படும் உயர்நிலைச் செவிலியரே பார்க்கிறார். நோயாளியைத் தாமே பரிசோதித்து, நோயை முடிவு செய்து, மருந்தும் எழுதப் பயிற்சி பெற்றவர் அவர். உரிய தகுதி பெற்ற செவிலியர்கள் ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் மருத்துவரின் கையெழுத்தின்றி எழுதும் உரிமை 2006 முதல் அங்கே நடைமுறையில் உள்ளது.

தொண்டை வலியோடு மகளை அழைத்துச் சென்றபோது, அவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. ஃபீவர்பெயின் என்ற மதிப்பெண் முறையை அவர் வாய்விட்டுச் சொல்லியே கணக்கிட்டார். கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல் இருந்ததற்கு ஒன்று, நோய் தொடங்கி மூன்று நாளுக்குள் வந்ததற்கு ஒன்று. டான்சிலில் சீழோ கடுமையான வீக்கமோ இல்லை, இருமலும் இருந்தது (இருமல் இல்லாவிட்டால்தான் மதிப்பெண்) என்பதால் மற்ற மூன்றுக்கும் மதிப்பெண் இல்லை. ஐந்துக்கு இரண்டு வந்தால் ஆன்டிபயாடிக்கை உடனே தொடங்க வேண்டியதில்லை என்பதே அங்குள்ள வழிகாட்டுதல். எனவே மருந்தை எழுதிக் கொடுத்து, மூன்று முதல் ஐந்து நாட்களில் குறையத் தொடங்காவிட்டாலோ திடீரென மோசமானாலோ மட்டும் வாங்கச் சொன்னார். (சிறுவர்களுக்கு மருந்து இலவசம், வாங்காமல் பொறுத்திருக்கத்தான் பெற்றோருக்கு மனத்திடம் வேண்டும்.) எச்சிலை விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் காத்திருக்கக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

அவர் எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. தலைசுற்றலோடு சென்ற என் மாமியாருக்குப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம் பார்த்தவர், எழுந்ததும் மேல் அளவு 20 புள்ளிகளுக்கும் அதிகமாகக் குறைவதைக் கண்டார். காரணம் புரிந்தும், இதய நோய்க்கான மருந்துகளில் தாமாகக் கைவைக்காமல், மருத்துவரிடம் பேசிவிட்டு வந்த பிறகே ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

குறை வரவேற்புப் பணியாளர்களிடம்தான். யாரிடம் அனுப்புகிறோம் என்பதை நாமாகக் கேட்டாலன்றி அவர்கள் சொல்வதில்லை. இந்தப் பதவிப் பெயருக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பும் இல்லாததால், இடத்துக்கு இடம் அனுபவமும் பயிற்சியும் வேறுபடக்கூடும். திடீர்க் காய்ச்சல், காது வலி, சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு நான் தயங்காமல் இவரிடமே செல்வேன். பல காலமாகப் பல நோய்கள் பின்னிக் கிடப்பவர்கள், நேரம் பதிவு செய்யும்போதே மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.