க்ரோ டென்ட் ‘முழு கிட்’ வாங்கப் போகிறவர்கள் ஃபேனைப் பற்றி இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

வீட்டுக்குள் செடி வளர்க்கும் துணிக்கூடாரமான டென்ட், லைட், உள்காற்றை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன், வாசனையைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டர், காற்றுக் குழாயான டக்ட், வெப்பநிலை கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து ஒரே கிட்டாக விற்கிறார்கள் அல்லவா, அதை வாங்குவதற்கு முன் ஃபேனைப் பற்றி மட்டும் தனியாக விசாரியுங்கள். நானும் விசாரித்துவிட்டுத்தான் வாங்கினேன். பெட்டியில் போட்டிருக்கும் காற்றளவு ஃபில்டரும் டக்டும் மாட்டின பிறகும் கிடைக்குமா என்று சாட்டில் கேட்டதற்கு, “ஆமாம் சார், கிட் முழுக்க மாட்டின பிறகு கிடைக்கிற அளவுதான் அது” என்று எழுத்திலேயே பதில் வந்தது. அது பொய். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை, அதோடு இதே மாதிரி கிட் வேறு வேறு பெயர்களில் விற்கிறது என்பதால் பெயரைவிட விஷயம் தெரிவதுதான் முக்கியம்.

என் டென்ட் 120 × 120 செ.மீ., உயரம் 2 மீட்டர். உள்ளே ஏறத்தாழ 2.9 கனமீட்டர் காற்று. நிமிடத்துக்கு ஒருமுறை அவ்வளவு காற்றும் மாற வேண்டும் என்பது டென்டில் வளர்ப்பவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு, அப்படிப் பார்த்தால் மணிக்குச் சுமார் 170 கனமீட்டர் வேண்டும். பெட்டியிலும் சரியாக 170 என்றுதான் அச்சடித்திருந்தார்கள். மாட்டி, லைட்டைப் போட்டுவிட்டு மறுநாள் பார்த்தால் அறை 27 டிகிரி, டென்டுக்குள் 38. லெட்யூஸ் துவண்டுபோய் நுனி கருக ஆரம்பித்திருந்தது, மிளகாய்ச் செடியில் இலை ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு, மொட்டெல்லாம் கீழே கொட்டிக் கிடந்தது. ஃபேன் என்னவோ முழு வேகத்தில் சத்தமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

டென்டின் பக்கச் சுவரைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. எக்ஸாஸ்ட் ஒழுங்காக இழுத்தால் துணிச் சுவர் நாலு பக்கமும் லேசாக உள்வாங்கி நிற்கும். இங்கே தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கீழே காற்று வரும் வாயில் டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றைப் பிடித்தேன், அது அசைந்ததோடு சரி.

அப்புறம் அளந்தே பார்த்துவிடலாம் என்று 100 லிட்டர் குப்பைப் பையை எடுத்தேன். இது யாரும் செய்யக்கூடிய சோதனை, கருவி எதுவும் வேண்டாம்: பையை நன்றாகப் பிழிந்து காற்றை எடுத்துவிட்டு, எக்ஸாஸ்ட் டக்டின் வெளிமுனையில் வாயை இறுக்கிப் பிடித்து, முழுக்க உப்ப எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் வீடியோ எடுங்கள். மணிக்கு 170 கனமீட்டர் என்றால் 2 விநாடி சொச்சத்தில் பை நிறைந்துவிட வேண்டும். எனக்கு 9 விநாடி ஆனது. அதாவது மணிக்கு 40 கனமீட்டர், சொன்னதில் கால்வாசிகூட இல்லை. ஃபில்டரையும் டக்டையும் கழற்றிவிட்டு வெறும் ஃபேனில் பையைப் பிடித்தால் 2 விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலில் உப்பிவிடுகிறது!

ஏமாற்று எங்கே இருக்கிறது என்பது இதில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. 170 என்பது எந்தத் தடையும் இல்லாமல் வெறுமனே ஓடும்போது கிடைக்கும் அளவு. உள்ளே இருந்தது டக்ட் பூஸ்டர், உருண்டைக் குழாய்க்குள் சாதாரண மின்விசிறி மாதிரி சில இறக்கைகள், அவ்வளவுதான். ஏற்கெனவே காற்று ஓடும் குழாயில் கொஞ்சம் உந்திவிட அது போதும். கார்பன் ஃபில்டர் காற்றை நெருக்கிப் பிடிக்கும்போது இந்த இறக்கைகளால் எதிர்த்து இழுக்க முடியாது, இறக்கை சுற்றும், காற்று நகராது. ஃபில்டரோடு ஓட வேண்டுமென்றால், தடையை எதிர்த்தும் காற்றைத் தள்ளக்கூடிய மிக்ஸ்ட் ஃப்ளோ அல்லது சென்ட்ரிஃபியூகல் வகை வேண்டும். வெளியில் இருந்து பார்த்தால் பூஸ்டரும் இவையும் ஏறத்தாழ ஒரே மாதிரி குழாய்தான், அதனால்தான் கடைக்காரர் சொல்வதை மட்டும் வைத்து வாங்கக் கூடாது. எத்தனை பாஸ்கல் அழுத்தத்தில் எவ்வளவு காற்று என்று காட்டும் வரைபடத்தைக் கேளுங்கள். நல்ல ஃபேன் தயாரிப்பவர்கள் அதைக் கொடுப்பார்கள். நான் கேட்டபோது அவர்கள் அனுப்பியது ஃபேனின் புகைப்படம்.

காற்று குறைந்தால் சூடு எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. லைட் இழுக்கும் வாட்டை 3-ஆல் பெருக்கி, மணிக்கு வெளியேறும் கனமீட்டரால் வகுத்தால், உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று எத்தனை டிகிரி கூடுதல் என்பது ஏறத்தாழ வந்துவிடும். எல்இடி என்றால் சூடே கிடையாது என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பாதீர்கள், இழுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் டென்டுக்குள் வெப்பமாகத்தான் முடியும். என் லைட் 240 வாட். 170 கனமீட்டர் போயிருந்தால் 4 டிகிரி சொச்சம்தான் கூடியிருக்கும், 40 என்றால் 18. கொஞ்சம் வெப்பம் சுவர் வழியாகவும், கொஞ்சம் செடி நீராவியாக விடுவதிலும் போய்விடுவதால் எனக்கு 11 டிகிரியோடு நின்றது.

கன்ட்ரோலர் கதை இன்னும் மோசம். ‘தானியங்கி வெப்பநிலைக் கட்டுப்பாடு’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். சென்சார் வயரில் தொங்கும், இலை மட்டத்தில் வைக்கலாம் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். இதில் சென்சார் கன்ட்ரோலர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, கூட வந்த தாளிலோ ஈரம் படாமல் இருக்கப் பெட்டியை டென்டுக்கு வெளியே மாட்டச் சொல்லியிருக்கிறது. அது அளப்பது அறையின் 27 டிகிரியை. தானியங்கியில் போட்டதும் ‘குளுமையாகத்தான் இருக்கிறது’ என்று ஃபேன் வேகத்தைக் குறைக்கிறது, உள்ளே செடி வேகிறது. போதாததற்கு வேகம் குறைந்ததும் மோட்டார் ‘உம்ம்ம்’ என்று உறுமிச் சூடாகிறது.

புகார் சொன்னதும் பணம் திருப்பித் தருவதற்குப் பதிலாக, ‘டென்டுக்கு உள்ளே வைக்கிற சின்ன ஏசி’ ஒன்றைச் சலுகையில் தருகிறோம், சூட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார்கள். வந்தது தண்ணீர்த் தொட்டி, நனைந்த திரி, ஒரு குட்டி ஃபேன். கம்ப்ரஸர் இல்லை, சூட்டை வெளியே தள்ளக் குழாய் இல்லை. எந்த உண்மையான ஏசியும் உள்ளே எடுக்கும் வெப்பத்தை எங்காவது வெளியே கொட்டியே ஆக வேண்டும், இது கொட்ட வழியே இல்லாத சாதனம். ஏற்கெனவே காற்று வெளியேறாத டென்டில் ஈரத்தையும் சேர்த்தது, அவ்வளவுதான். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி, சீக்கிரமே மிளகாய் இலையில் வெள்ளைப் பொடியாகச் சாம்பல் நோய் வந்தது. “செடிக்கு வரும் நோய்க்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று பதில். இதுதான் எனக்கு ரொம்பக் கோபம். முதல் பொருளின் குறையை மறைக்க இரண்டாவது பொருளை விற்று, அதுவரை தாக்குப்பிடித்த செடிகளையும் கெடுத்தார்கள்.

இப்போது வேறு இடத்தில் வாங்கிய 6 அங்குல மிக்ஸ்ட் ஃப்ளோ ஃபேன் பாதி வேகத்தில் ஓடுகிறது, சத்தமும் குறைவு. டக்டை வளைவில்லாமல் நன்றாக இழுத்து, வேண்டாத நீளத்தை வெட்டிவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே விட்டிருக்கிறேன். அதே அறைக்குள் விட்டால் அந்தச் சூடுதான் கீழ் வாய் வழியாகத் திரும்ப உள்ளே வரும், அறையைவிடக் குளிர்ச்சியாக எந்த எக்ஸாஸ்ட் ஃபேனாலும் டென்டை வைக்க முடியாது. கீழே இரண்டு வாய்களையும் திறந்து, வயரில் தொங்கும் சென்சார் ஒன்றை இலை மட்டத்தில் லைட் நேராகப் படாதபடி தொங்கவிட்டிருக்கிறேன். உள்ளே அறையைவிட 3, 4 டிகிரிதான் கூடுதல், சுவரும் உள்வாங்கி நிற்கிறது.

குளிர்விப்பானைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், கன்ட்ரோலருக்குப் பணம் வந்துவிட்டது. ஃபேனுக்கு மட்டும் ‘பெட்டியில் போட்ட அளவு சரிதான், வெறுமனே ஓட்டிப் பாருங்கள்’ என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். நான் காட்டுவது பெட்டியை இல்லை, அவர்கள் சாட்டில் எழுதிக் கொடுத்ததை. அதையும் இரண்டு பை வீடியோக்களையும் சேர்த்து, பணம் கட்டப் பயன்படுத்திய நிறுவனத்திடம் ஆட்சேபம் போட்டிருக்கிறேன். இதே கிட்டை வாங்கி வைத்திருப்பவர்கள், திரும்பத் தரும் கெடு முடிவதற்குள் ஃபில்டரோடு ஒருமுறை, ஃபில்டர் இல்லாமல் ஒருமுறை பையைப் பிடித்து வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் ஆட்சேபத்துக்கு என்ன பதில் வருகிறது என்பதையும் எழுதுகிறேன்.