ஏற்காட்டில் ‘பிளேட்’ இரண்டு பாகமும் ஒரே இரவில் என்று போஸ்டர் வந்தால் பணம் கட்டிவிடாதீர்கள்

சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் இருப்பவர்கள் கவனியுங்கள். ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை பங்களாவின் புல்வெளியில் திரை கட்டி, காட்டேரிகளை வேட்டையாடும் பிளேட் என்பவனைப் பற்றிய ஆங்கிலப் படமான ‘பிளேட்’ முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் அடுத்தடுத்துப் போடுகிறோம், எது பெரிய படம் என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று இன்ஸ்டாவில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. தலைக்கு 750 ரூபாய், இரவுச் சாப்பாடு சேர்த்து. போன மாதம் நானும் மச்சானும் கட்டிவிட்டுப் போனோம். இப்போது அடுத்த காட்சிக்கு முன்பதிவு ஆரம்பித்திருக்கிறார்கள், அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

போஸ்டரில் கொட்டை எழுத்தில் இருந்தது ‘வெட்டில்லாத முழுப் பிரதி’. அங்கே ஓடியது எப்போதோ டிவியில் வந்ததைப் பதிவு பண்ணி வைத்திருந்த ஃபைல். மேல் மூலையில் சேனல் சின்னம் தெரியக் கூடாது என்று அதை மங்கலாக்கியிருந்தார்கள், அந்த மங்கல் கட்டம் படம் முழுக்கக் கூடவே வந்தது. 1998ல் வந்த முதல் பாகம் இரண்டு மணி நேரப் படம். இங்கே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அகலத் திரைக்காக எடுத்த படத்தின் இரண்டு ஓரத்தையும் வெட்டி டிவிக்கு அடக்கிய பிரதி வேறு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால் ஒருத்தர் மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

முதல் பாகம் பார்த்தவர்களுக்கு அந்த ஆரம்பக் காட்சி மறக்காது. கசாப்புக் கூடத்துக்குள் ஒரு ராத்திரி ஆட்டம், மேலே குழாயிலிருந்து ரத்தம் மழையாகக் கொட்டும், விவரம் தெரியாமல் உள்ளே வந்த ஒரு பையன் அடிபட்டு, வழுக்கி, தவழ்ந்து தவழ்ந்து போய் ஒரு ஜோடி பூட்ஸ் முன்னால் நிமிர்ந்து பார்ப்பான். அதுவரை கொண்டாடிக்கொண்டிருந்த காட்டேரிக் கூட்டம் மொத்தமும் அப்படியே பின்வாங்கும். பிளேட் யார் என்று யாரும் வசனமாகச் சொல்லவே வேண்டாம், அந்தப் பயமே சொல்லிவிடும். இங்கே ரத்தம் கொட்ட ஆரம்பித்ததும் ஒரு வெட்டு, அடுத்த நொடி பிளேடாக நடித்த வெஸ்லி ஸ்னைப்ஸ் நிற்கிறார். அவ்வளவுதான்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பிள்ளைகள் “என்ன ஆச்சு, யாருடா இவன்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் பாகத்துக்கு நடந்ததுதான் இதைவிட அநியாயம். 2002ல் கியெர்மோ டெல் டோரோ இயக்கியது. கதை எழுதியவர் முதல் பாகத்துக்கு எழுதிய அதே டேவிட் கோயர்தான், இயக்குநர் கை மாறியதில் படத்தின் குணமே மாறியிருக்கும். முதல் பாகத்தில் காட்டேரிகள் பணக்கார ரௌடிகள் மாதிரி. இதில் வருகிற ரீப்பர்கள் மனிதனையும் தின்னும், காட்டேரியையும் தின்னும். வெள்ளியும் பூண்டும் அதுகளை ஒன்றும் செய்யாது, சூரிய வெளிச்சம்தான் கொல்லும். அதனால்தான் தன்னைக் கொல்லவே பயிற்சி எடுத்த காட்டேரிப் படையோடு பிளேட் சேர வேண்டிய நிலைமை வருகிறது. இதை நமக்குப் புரியவைப்பது செத்த ரீப்பரை மேஜையில் போட்டு அறுத்துப் பார்க்கும் காட்சி. இதயத்தைச் சுற்றி எலும்பாலேயே ஒரு கவசம் இருக்கும், தாடை ஏன் அப்படி இரண்டாகப் பிளக்கிறது என்று நிதானமாகக் காட்டுவார்கள். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் எதிரி எப்படிப்பட்ட உயிர் என்று அங்கேதான் நமக்கு உறைக்கும். இந்தப் பிரதியில் அந்தக் காட்சியே இல்லை. ரீப்பர்களின் தலைவன் நொமாக் யாருடைய மகன் என்பது தெரியவரும் இடமும் பாதியில் நின்றுவிட்டது. அது இல்லாவிட்டால் அவன் வெறும் கடிக்கிற ஆள், அது தெரிந்தால் கடைசிச் சண்டையில் அவன் மேல் பரிதாபமே வரும். லூக் காஸ் அதை அப்படி நடித்திருப்பார்.

என்னைக் கேட்டால் இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்குச் சரிசமமாக நிற்கும், வில்லன் விஷயத்தில் ஒரு படி மேலே. குறை இல்லாமல் இல்லை. ஃபிளட்லைட் வெளிச்சத்தில் நடக்கும் கத்திச் சண்டையில் சில இடத்தில் கிராபிக்ஸ் பொம்மை குதிப்பது அப்பட்டமாகத் தெரியும். முதல் பாகத்தில் மனசைப் பிசைந்த, பிளேடின் குரு விஸ்லரின் முடிவை இதில் திருப்பி எடுத்துக்கொண்டதும் எனக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை. ஆனால் இதையெல்லாம் வாதாட வேண்டுமென்றால் படத்தை முழுசாகப் பார்த்திருக்க வேண்டுமே. அன்றைக்கு அங்கே முதல் தடவை பார்த்த அத்தனை பேரும் “செகண்ட் பார்ட் சொதப்பல்” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார்கள். பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறரைக்கு என்று சொன்ன காட்சி எட்டேகாலுக்கு ஆரம்பித்தது. சாப்பாடு என்பது ஆறிப்போன எலுமிச்சை சாதப் பொட்டலம். எட்டரைக்கு மேல் மூடுபனி இறங்கியதும் புரொஜெக்டர் வெளிச்சம் திரைக்குப் போகாமல் நடுவிலேயே வெள்ளையாக நின்றுவிட்டது, ஒரு பையன் லென்ஸில் படிந்த ஈரத்தைத் துண்டு முனையால் துடைத்துத் துடைத்து அதில் கோடு விழுந்ததுதான் மிச்சம். டெல் டோரோ நீலமும் பொன்மஞ்சளும் பார்த்துப் பார்த்துக் குழைத்த இருட்டுப் படம் அது, எங்களுக்குச் சாம்பல்தான் தெரிந்தது. முடிந்தபோது பதினொன்றே முக்கால். பதினொன்றுக்குள் விட்டுவிடுவோம் என்று நம்பி டூவீலரில் வந்த பிள்ளைகள் அந்தப் பனியில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனார்கள்.

ஏற்பாடு பண்ணினவரிடம் கேட்டேன், “தம்பி, வெட்டில்லாத பிரதி என்றுதானே போட்டிருந்தீர்கள்?” அதற்கு அவர், “பழைய படம்தானுங்கண்ணா, வெட்டினது யாருக்குங்க தெரியப்போகுது” என்றார். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான் நாம் எல்லோரும் மலை ஏறுகிறோம். தமிழின் முதல் வண்ணப்படத்தை 1956ல் கொடுத்த கம்பெனி இருந்த ஊர்க்காரனிடம் இந்தப் பேச்சா என்று கோபம்தான் வந்தது. பணத்தைத் திருப்பித் தரச் சொன்னதற்கு அடுத்த காட்சிக்கு இலவச டிக்கெட் தருகிறேன் என்றார். அப்புறம் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்.

இந்த மாதிரிக் காட்சிக்குக் கூப்பிட்டால் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி எழுத்தில் கேளுங்கள். படம் எத்தனை நிமிஷம் ஓடும், பொதுவில் போட உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்களா, பனியோ மழையோ வந்தால் பணம் திரும்புமா. டிவியில் பதிவு பண்ணியதையோ வீட்டு ஓடிடி கணக்கையோ டிக்கெட் போட்டு ஊருக்குக் காட்ட யாருக்கும் உரிமை கிடையாது. இரண்டாம் பாகம் 117 நிமிஷம், அதற்கு ரொம்பக் குறைவாகச் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஜிபே ரசீதை அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுத்துவிட்டேன். அது நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நாம் இருக்கும் ஊரிலிருந்தே போகலாம், 2019 சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது, இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. பழைய போஸ்டரை அவர்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் ‘வெட்டில்லாத’ என்ற வரியோடு அதன் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. புகாரோடு சேர்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.