கிளட்ச் மாற்றப் போகிறவர்கள் என் 1,450 வெள்ளி போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கை நடுங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். இன்று மதியம் இரண்டாவது பட்டறைக்காரர் என் பிக்கப்பின் கியர்பாக்ஸை இறக்கிவிட்டு, "வந்து நீங்களே பாருங்க" என்று கூப்பிட்டார். மூன்று வாரத்துக்கு முன் 1,450 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்று முழு செட்டும் மாற்றிய கிளட்ச் அது. பிளேட் மட்டும்தான் புதுசு. அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் பழசு, கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சுற்றினால் மணல் அரைபடுவது போல் கரகரக்கிறது. பிளேட் ஒட்டிச் சுற்றும் எஞ்சின் பக்கச் சக்கரமான ஃபிளைவீலில் சூட்டில் நீலம் பாய்ந்த திட்டுகள் அப்படியே இருக்கின்றன.

பதினான்கு வருட டீசல் ஃபோர் வீல் டிரைவ், மேனுவல் கியர். ஏர்கான் வேலைச் சாமான் ஏற்றித் தினமும் ஓடும் வண்டி. புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஐந்தாம் கியரில் மிதித்தால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. வீட்டுக் கார்பார்க் ஏற்றத்தில் கருகல் வாடை. கிளட்ச் தேய்ந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை.

போனது தொழிற்பேட்டைக்குள் இருக்கும் ஒரு சின்னப் பட்டறை. பார்த்துக்கொள்கிறவர் நம் தமிழர். "வாங்கண்ணே, முதல்ல டீ குடிங்க" என்றார். புதுப் பெட்டியை என் எதிரிலேயே பிரித்தார். பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்து, "சுத்திப் பாருங்கண்ணே, இதுதான் உங்க வண்டிக்குள்ள போகுது" என்றார். சத்தமே இல்லாமல் வழுவழுவென்று சுற்றியது. அந்த நிமிடம் முழுசாக நம்பினேன். அங்கேயே, கைப்பேசி நம்பருக்கே வங்கிப் பணம் அனுப்பும் பேநவ்வில், அவருடைய சொந்த நம்பருக்கு 1,450 வெள்ளி அனுப்பினேன். நம் ஆளிடம் போய் ரசீது கேட்பதா என்று கூச்சம். பெட்டியைப் பார்த்தேனே தவிர, அது வண்டிக்குள் போனதைப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் பெடலை மிதித்தால் கீச்சென்று சத்தம், விட்டால் நின்றுவிடும். ரிலீஸ் பேரிங் போனால் இப்படித்தான் கேட்கும் என்று இப்போது தெரிகிறது. "புது கிளட்ச்ணே, செட் ஆக ஐந்நூறு கிலோமீட்டர் ஓடணும்" என்றார். புது பிளேட் படிய நாளாகும் என்பது உண்மை, அதனால் பொறுத்தேன். அடுத்த முறை, "நீங்க பாரம் அதிகமா ஏத்துறீங்க" என்றார். அப்புறம், "பாஸ் ஊர்ல இல்ல". அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். இன்று படம் அனுப்பியதும் உடனே பதில் வந்தது: "வேற இடத்துல திறந்துட்டீங்க, வாரண்டி கிடையாது."

இந்த வண்டியில் கிளட்சைத் தொட வேண்டுமென்றால் முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ் எல்லாம் இறங்க வேண்டும். பெரும்பகுதிக் காசு அந்தக் கூலிக்குத்தான். அவ்வளவையும் இறக்கிவிட்டு ஒரு பேரிங்கை மாற்றாமல் திரும்ப ஏற்ற எப்படி மனசு வந்தது? இப்போது அதே கூலியை நான் இரண்டாவது முறை கொடுக்கிறேன். 1,450 வெள்ளி போனது தனி.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. பழைய சாமான் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கியர்பாக்ஸ் ஏற்றுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் வீடியோ கேளுங்கள். ஃபிளைவீலை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ரசீதில் ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக இருக்கட்டும், பணம் கடையின் கணக்குக்குப் போகட்டும். சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம், வக்கீல் தேவையில்லை. நான் போகிறேன். கையில் இருப்பது பேநவ் பதிவும், இன்று எடுத்த பதினோரு படங்களும்தான்.