பதினேழு வருடமாகப் பிபிடி போட்டுப் பாடம் நடத்துகிறேன்: என் அனுபவம்

மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். 2008-இல் எங்கள் பள்ளிக்கு ஒரு புரொஜக்டர் வந்தது. ஆய்வகக் கணினியில் அப்போது இருந்தது, பாடத்தை ஸ்லைடு ஸ்லைடாகத் திரையில் காட்ட உதவும் பவர்பாயிண்ட் மென்பொருளின் 2003 பதிப்பு. அதில் செய்யும் கோப்பைத்தான் பிபிடி என்கிறோம். அன்று தொட்டது, 2007, 2010, 2016 என்று மாறி, இப்போது சந்தா கட்டி வாங்கும் பதிப்பில் வந்து நிற்கிறேன். நடுவில் இதே வேலையைச் செய்யும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ், கூகுள் ஸ்லைட்ஸ் இரண்டையும் பல மாதங்கள் பயன்படுத்தியிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்கள் “மேடம், பிபிடி எப்படிப் போடணும்?” என்று கேட்டால் இடைவேளை நேரத்தில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதயம் பற்றிய பாடத்துக்கு நான் முதன்முதலில் செய்த பிபிடியில் 42 ஸ்லைடுகள். பாடப்புத்தகத்தில் உள்ள வரிகளை அப்படியே தட்டச்சு செய்து, ஓரத்தில் சின்னதாக ஒரு படம் வைத்திருந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து செய்த வேலை அது. வகுப்பில் ஓட்டியபோது பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, “மிஸ், கொஞ்சம் மெதுவா மாத்துங்க, எழுதிட்டிருக்கோம்” என்றாள். திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். படத்தையும் பார்க்கவில்லை, நான் பேசியதையும் கேட்கவில்லை. திரையில் எழுத்து தெரிந்தால் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள் அல்லது எழுதுவார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் பேசுவது காதில் ஏறாது. எனக்கு இது புரிய இரண்டு வருடம் ஆனது.

பவர்பாயிண்ட்டைத் திறந்தவுடன் “தலைப்பை இங்கே இடவும்”, “எழுத்தை இங்கே சேர்க்கவும்” என்று இரண்டு பெட்டிகள் காத்திருக்கின்றன. பெட்டி காலியாக இருந்தால் நிரப்பத் தோன்றுகிறது. இந்த மென்பொருள் வகுப்பறைக்காகப் பிறந்ததல்ல. 1987-இல் ஃபோர்தாட் என்ற சிறிய நிறுவனம் மேக்கிண்டாஷ் கணினிக்காக வெளியிட்டது. அலுவலகக் கூட்டங்களில் விளக்கின் மேல் வைத்துக் காட்டும் பிளாஸ்டிக் தாள்களை அச்சடிப்பதுதான் அதன் முதல் வேலை. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. தலைப்பு, கீழே புள்ளி வைத்த நாலு வரி என்ற அமைப்பு அந்தக் கூட்டங்களுக்குச் சரி. இதயம் எப்படித் துடிக்கிறது என்று சொல்ல அது போதாது. ஆகவே இப்போது புது ஸ்லைடு எடுத்தால் நான் முதலில் செய்வது, லேஅவுட்டில் போய் ‘வெற்று’ என்பதைத் தேர்ந்தெடுப்பது. பெட்டிகள் போய்விடும். அப்புறம் இந்த ஸ்லைடில் எதைக் காட்ட வேண்டும் என்ற கேள்வி தானாக முன்னால் வந்துவிடும்.

அப்படிக் காட்டும் விஷயத்தில் இதற்கு ஈடு கிடையாது. வலது ஆரிக்கிளுக்குள் வரும் ரத்தம் மூவிதழ் வால்வு வழியாக வலது வென்ட்ரிக்கிளுக்கு இறங்கி, நுரையீரலுக்குப் போய், இடது பக்கம் திரும்பி வந்து, உடலுக்குப் போவதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். வரைந்த அம்புக்குறி நகராது. பவர்பாயிண்ட்டில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்து போய், நுரையீரலைத் தொட்டதும் சிவப்பாக மாறும்படி அனிமேஷன் வைத்தேன். அரை நாள் வேலை. பதினைந்து வருடமாக அதே ஸ்லைடுதான் ஓடுகிறது. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவி விடுமுறையில் பார்க்க வந்தபோது, “மிஸ், அந்த நீலப் புள்ளி இன்னும் இருக்கா?” என்று கேட்டாள்.

புதிய பதிப்புகளில் ‘மார்ஃப்’ என்று ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ஒரே படத்தை இரண்டு ஸ்லைடுகளில் வெவ்வேறு அளவில் வைத்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது தானாக வளர்ந்து போகும். முழு இதயத்திலிருந்து ஒரு வால்வுக்குள் நுழைவது போலக் காட்ட அருமையான வசதி. ஆனால் பழைய பதிப்பு உள்ள கணினியில் திறந்தால் அது வெறும் மங்கி மாறும் ஸ்லைடாகிவிடும். எங்கே ஓட்டப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். எழுத்து சுழன்று வருவது, பறந்து வருவது, சத்தத்துடன் விழுவது எல்லாவற்றையும் நான் எடுத்துவிட்டேன். பாடத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இனி தமிழ் எழுத்து விஷயம். நம் ஊர் ஆசிரியர்களை இது படுத்துகிற பாடு கொஞ்சமல்ல.

ஆரம்பத்தில் நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வீட்டில் அழகாகத் தெரியும். ஒரு முறை வேறு ஊரில் நடந்த பயிற்சிக்குக் கொண்டுபோனபோது அந்தக் கணினியில் பாமினி இல்லை. ஸ்லைடு முழுவதும் ஆங்கில எழுத்துகள், புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளி. நாற்பது ஆசிரியர்கள் முன்னால் திரையை அணைத்துவிட்டு வாயாலேயே பேசி முடித்தேன். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவே. போர்வை இல்லாத கணினியில் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும். அன்றோடு, தமிழ் எழுத்தைத் தமிழாகவே கோப்பில் வைக்கும் யூனிகோடு முறைக்கு மாறினேன். பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு கோடை விடுமுறை போனது. இன்னும் பழைய எழுத்துருவில் கோப்பு வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள்.

யூனிகோடு வந்த பிறகும் தொல்லை முழுதாகத் தீரவில்லை. விண்டோஸில் நிர்மலா யுஐ என்ற எழுத்துரு கூடவே வருகிறது, பழைய பதிப்புகளில் லதாவும் வந்தது. லினக்ஸ் கணினியில் அவை இருக்காது. வேறு எழுத்துரு வந்து உட்காரும், எழுத்தின் அகலம் மாறும், கடைசி வரி ஸ்லைடுக்கு வெளியே தொங்கும். மாணவர்கள் மடிக்கணினியில் லினக்ஸிலேயே செய்துவரும் கோப்புகள் என் கணினியில் இப்படித்தான் சிதறின. நான் கண்ட வழி, நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இலவச எழுத்துருவை இரண்டு பக்கமும் நிறுவிக்கொள்வது. விண்டோஸில் செய்த கோப்பை வேறு விண்டோஸ் கணினியில் ஓட்ட வேண்டுமானால், சேமிப்பு அமைப்புகளில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிக்கும் வசதி உண்டு. எல்லா எழுத்துருவும் அதற்கு இடம் கொடுக்காது. எதற்கும் பிடிஎஃப் ஆக ஒரு படியையும் பென்டிரைவில் போட்டுக்கொள்கிறேன். அனிமேஷன் போய்விடும், பாடம் போகாது.

மென்பொருளோடு வரும் ஆயத்த ஸ்லைடு வடிவங்களான வார்ப்புருக்களும் தமிழை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ‘ரத்தக்குழாய்களிலிருந்து’ என்ற ஒரே சொல் பாதி வரியை விழுங்கிவிடும். இடம் போதவில்லை என்றால் மென்பொருள் சத்தமில்லாமல் எழுத்தின் அளவைக் குறைத்துக்கொண்டே போகும். நமக்குப் பக்கத்தில் இருப்பதால் தெரியாது, கடைசி பெஞ்சுக்குத் தெரியாமலே போகும். தானாகச் சுருக்கும் அந்த வசதியைத் தானியங்கித் திருத்த அமைப்பில் போய் நிறுத்திவிடுங்கள். எங்கள் வகுப்பறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து நான் வைத்துக்கொண்ட குறைந்தபட்ச அளவு 32. இரு ஓரமும் சமமாக நிறுத்தும் அமைப்பையும் தமிழுக்குப் பயன்படுத்தாதீர்கள், சொற்களுக்கு நடுவில் ஓட்டை விழும். வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள். மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் கொம்பும் ஒன்றையொன்று தொட்டால் படிக்கவே முடியாது.

வகுப்பு நடக்கும்போது எனக்கு அதிகம் உதவுவது மூன்றே சாவிகள். பி-யை அழுத்தினால் திரை கறுப்பாகும். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு திரும்பி வரும். பிள்ளைகளின் கண்ணை என் பக்கம் திருப்ப இதைவிட எளிய வழி எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போகும். யாராவது பழைய படத்தைப் பற்றிக் கேட்டால் இருபது ஸ்லைடுகளைப் பின்னோக்கி ஓட்ட வேண்டாம். அடுத்தது ஷிஃப்ட்டுடன் எஃப்5. விட்ட ஸ்லைடிலிருந்தே தொடங்கலாம். ஆல்ட்டுடன் எஃப்5 அழுத்தினால், பேசுபவருக்கு மட்டும் குறிப்பும் அடுத்த ஸ்லைடும் தெரிகிற திரையைப் புரொஜக்டர் இல்லாமல் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். ஸ்லைடில் எழுதத் துடிக்கும் வரிகளையெல்லாம் அந்தக் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு எழுத்தில் வேண்டுமானால் தாளுக்கு மூன்று ஸ்லைடு என்று அச்சிட்டுக் கொடுக்கலாம். பக்கத்தில் கோடு போட்ட இடமும் வரும்.

கோப்பு கனமாகிவிட்டால் ஒரு வழி உண்டு. கோப்பின் படி ஒன்றை எடுத்து, பிபிடிஎக்ஸ் என்ற பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே மீடியா என்ற உறையில் எல்லாப் படமும் வீடியோவும் தனித்தனியாக இருக்கும். எது எத்தனை எம்பி என்று அங்கேயே தெரிந்துவிடும். 2007 பதிப்பு வரை வீடியோ கோப்புக்குள் போகாது, இணைப்பு மட்டும்தான் இருக்கும். பென்டிரைவில் பிபிடியை மட்டும் எடுத்துப்போனால் வீடியோ இருந்த இடத்தில் வெறும் கட்டம்தான். 2010-இல் அந்தக் குறை தீர்ந்தது.

எல்லோரும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்காகச் சக ஆசிரியர் ஒருவர் தேர்ச்சி விழுக்காட்டை வரைபடமாக எக்செலிலிருந்து எடுத்து ஸ்லைடில் ஒட்டினார். கூட்டம் முடிந்ததும் கோப்பு வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போனது. வரைபடத்தின் தரவைத் திறந்த ஒரு தந்தைக்கு, வகுப்பின் மொத்த மதிப்பெண் பட்டியலும் பெயர்களோடு தெரிந்தது. ஒட்டும்போது எக்செல் கோப்பையும் சேர்த்துப் பொதித்துவிட்டால் அதன் எல்லாத் தாள்களும் கூடவே வந்துவிடும். வெட்டிய படத்தின் வெட்டிய பகுதியும் அப்படித்தான், படச் சுருக்கத்தில் போய் நீக்கும் வரை உள்ளேயே இருக்கும். மறைத்து வைத்த ஸ்லைடும் கோப்பில் இருக்கும். வெளியே அனுப்பும் கோப்பில் வரைபடத்தைப் படமாக ஒட்டுங்கள். அல்லது பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். குறைந்த மதிப்பெண் வாங்கிய அந்தப் பிள்ளைகள் பட்ட வேதனையை நேரில் பார்த்ததால் சொல்கிறேன்.

மாற்று மென்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. இம்ப்ரெஸ் இலவசம், பள்ளி வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பவர்பாயிண்ட்டில் செய்த சிக்கலான அனிமேஷன் அதில் ஒழுங்காக ஓடும் என்று நம்ப வேண்டாம். கூகுள் ஸ்லைட்ஸில் நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து ஒரே கோப்பில் வேலை செய்யலாம், சேமிக்க மறந்தாலும் போகாது, யார் எதை மாற்றினார்கள் என்று பின்னோக்கியும் பார்க்கலாம். குழுச் செயல்பாட்டுக்கு அதைத்தான் கொடுக்கிறேன். நெட் விட்டு விட்டு வரும் எங்கள் பள்ளியில் பாடம் நடத்த அதை நம்ப முடியவில்லை.

புள்ளி வைத்த வரிகளின் குறையை எனக்கு முழுசாக உணர்த்தியது கொலம்பியா விண்கல விபத்து. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். புறப்படும்போதே நுரைத் துண்டு ஒன்று இறக்கையில் மோதியிருந்தது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் பொறியாளர்கள் அந்த ஆபத்தைப் பற்றிப் பவர்பாயிண்ட் ஸ்லைடுகளில் விளக்கினார்கள். அவற்றில் ஒரு ஸ்லைடின் தலைப்பு நம்பிக்கை தருவது போல இருந்தது. சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், மோதியது 1,920 கன அங்குலம் அளவிலானது என்ற தகவலோ கடைசியில், சின்ன எழுத்தில் கிடந்தது. விசாரணை வாரியம் தன் அறிக்கையில் அந்த ஸ்லைடையே எடுத்துப் போட்டு, தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதில் ஸ்லைடுகளை நம்பும் பழக்கத்தைக் கண்டித்தது. விபத்துக்கு அந்த மென்பொருள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி புள்ளி வைத்து அடுக்கினால் முக்கியமானது எங்கே இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும். நாங்கள் போகும் பயிற்சி வகுப்புகளிலும் இதைப் பார்க்கிறேன். திரையைப் பார்த்து வரிவரியாக வாசிக்கிறார்கள், மாலையில் ஒரு வரிகூட நினைவில் நிற்பதில்லை. காரண காரியம் சொல்ல வேண்டிய இடத்தில் முழு வாக்கியம் வேண்டும். அதை வாயால் சொல்ல வேண்டும், அல்லது தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த வருடம் இதயப் பாடத்துக்கு ஒன்பது ஸ்லைடுகள்தான். நீலப் புள்ளி உண்டு, வால்வுக்குள் நுழையும் மார்ஃப் உண்டு. கடைசி ஸ்லைடில் படமே கிடையாது, கறுப்புத் திரையில் லப்-டப் என்ற ஒலி மட்டும். அதைக் கேட்ட பிறகு எல்லோரையும் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணச் சொன்னேன். புரொஜக்டரை நிறுத்திவிட்டுக் கரும்பலகைக்குப் போனேன். நிமிடத்துக்கு 72 துடிப்பு, துடிப்புக்கு இதயம் வெளியே தள்ளும் ரத்தம் 70 மில்லி லிட்டர், மொத்தம் 5,040 என்பது புத்தகக் கணக்கு. ஒரு மாணவி தனக்கு 88 வந்தது என்றாள். மாடிப்படி ஏறி ஓடி வந்திருக்கிறாள். அவளுடைய எண்ணைத்தான் பலகையில் போட்டோம், 6,160 வந்தது. “மிஸ், ஓடும்போது அந்த 70 மட்டும் மாறாம இருக்குமா?” என்று முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.